ஒன்பது பத்துக்கு நான் பார்க்காதது

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன். இதை ஊரில் பலர் செய்கிறார்கள். இதற்கு முட்டாள்தனம்கூட வேண்டாம், சோம்பேறித்தனமே போதும். என் தனித்திறமை அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. எத்தனை மணிக்கு நான் அதைப் பார்க்கவில்லை என்பதையும் கையெழுத்துக்குக் கீழேயே குறித்து வைத்தேன். 9.10 என்று. காலையா இரவா என்று யாருக்கும் குழப்பம் வந்துவிடக் கூடாதே என்று பக்கத்தில் ‘மு.ப.’ என்றும் எழுதினேன். எழுதிய இடம் ஒரு இரட்டைக் கொலை வழக்கின் ஆவணம்.

முப்பத்து நான்கு வருடம் வங்கியில் குப்பை கொட்டியவன் நான். அங்கே பெட்டக அறையைத் திறந்தால் பதிவேட்டில் கையெழுத்து, கீழே நேரம். மூடினால் மறுபடி கையெழுத்து, மறுபடி நேரம். ஓய்வு பெற்றபோது பெட்டகத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன், நேரத்தை மட்டும் கூடவே கொண்டு வந்துவிட்டேன். கூரியர் தாளில் போடுவேன். பேத்தியின் ரிப்போர்ட் கார்டில் போட்டு, “உங்க தாத்தா எதுக்கும்மா எட்டே கால்னு எழுதியிருக்கார்?” என்று அவளுடைய வகுப்பாசிரியை கேட்கும்படி செய்திருக்கிறேன். “ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணத்தைப் பதிவு பண்ணப் போனப்பவே கீழ டைம் போட்டீங்க. அன்னிக்கே நான் எழுந்து ஓடியிருக்கணும்” என்பது என் மனைவியின் வாக்குமூலம்.

எங்கள் தெரு மந்தைவெளிக்கும் சாந்தோமுக்கும் நடுவில், இரண்டுமே தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளாத ஓர் இடத்தில் இருக்கிறது. எதிர்வீடு பழைய மாடி வீடு. கீழே தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். மாடியில் அந்த அம்மாளின் தங்கை. போர்த்துக்கீசியர் காலத்திலிருந்தே இந்தக் கடற்கரையை விட்டு நகராத கத்தோலிக்கக் குடும்பம். தங்கை கல்யாணம் செய்துகொள்ளாதவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தெரு முழுக்க அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டது. அவரைவிட மூன்று வயது மூத்த நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அவர் எதிரில் நிற்கும்போது வீட்டுப்பாடம் முடிக்காத மாதிரியே எனக்கு இருக்கும்.

அந்த வீட்டில் ஒன்பது வருடமாக ஒரு வேலைக்காரர் இருந்தார். சமையல், கடை கண்ணி, மோட்டார் போடுவது, பெரியவரைக் கைபிடித்து மாலையில் நடத்திக் கூட்டிப்போவது எல்லாம் அவர்தான். கொல்லைப்புற அறையில் தங்கியிருந்தார். டீச்சர் அவரைத் தம்பி என்று கூப்பிடுவார். இப்படி ஓர் ஆள் கிடைத்ததற்காகத் தெருவே அந்த வீட்டின்மேல் பொறாமைப்பட்டது, நான் சற்று அதிகமாகவே. ஒருநாள் காய்கறிக் கடையில் அவரைத் தனியாக மடக்கி, “எங்க வீட்டுக்கு வந்துடுப்பா, சம்பளம் கூடவே தரேன்” என்றேன். “அவங்கள விட்டுட்டு வர மனசு வராது சார்” என்றார். அந்த விசுவாசத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லி அவள் கண்ணையும் கலங்க வைத்தேன். இரண்டு மாதம் கழித்து அவர் செய்ததைக் கேள்விப்பட்ட பிறகு, அந்தக் காய்கறிக் கடையைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

தை மாதத்தில் ஒரு காலை. டீச்சர் ஆறு மணிப் பூசைக்குப் போய்விட்டுத் திரும்பினார். பின்வாசல் கேட்டில் அந்த ஆள் வெளியே வந்துகொண்டிருந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. எங்கே தம்பி என்று கேட்டார். பால் வாங்கிட்டு வரேன் டீச்சர் என்று சொல்லிவிட்டு அவர் போனார். பால் பாக்கெட் இரண்டும் கேட்டில் தொங்கிய துணிப்பைக்குள்ளேயே இருந்தன. டீச்சர் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அக்காவும் அத்தானும் இருந்த அறையில் அவர் பார்த்ததை நான் எழுதப் போவதில்லை. அதை அவர் கோர்ட்டில் ஒருமுறை சொன்னார். இன்னொருவர் இன்னொருமுறை சொல்ல வேண்டிய விஷயமில்லை அது.

மூன்றாம் நாள் ஆளைப் பிடித்துவிட்டார்கள். திருடிய நகைகளையும் அடித்த இரும்பு உலக்கையையும் அடையாறு ஆற்றோரப் புதரில் ஒளித்து வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டாராம். அவரே கூட்டிப்போய் எடுத்துக் கொடுக்க வேண்டும். எடுக்கும்போது பொதுமக்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், பார்த்ததற்கு மகஜர் என்ற தாளில் கையெழுத்துப் போட வேண்டும். “படிச்சவங்களா, மரியாதையானவங்களா ஒருத்தர் வேணும் சார்” என்று சப் இன்ஸ்பெக்டர் என் வீட்டுக்கு வந்து சொன்னபோது, அந்த இரண்டு வார்த்தையிலேயே நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இன்னொரு சாட்சியாக எங்கள் தெருமுனையில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரரைக் கூட்டி வந்திருந்தார்கள். ஸ்டேஷனில் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஜீப் வரவில்லை. எனக்கு அன்று வெறும் வயிற்றில் சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. நான் கடிகாரத்தைப் பார்ப்பதைச் சப் இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டார்.

“சார், பெரியவங்க நீங்க. அங்க முள்ளும் புதருமா இருக்கும், வெயில் வேற. ரெண்டு எடத்துல கையெழுத்துப் போட்டுட்டு நீங்க பாட்டுக்குப் போயிட்டு வாங்க. மீதிய நாங்க பாத்துக்கறோம்.”

“நான் பாக்கணுமே?”

“நாங்க பாத்தா நீங்க பாத்த மாதிரிதான் சார்.”

என் மேல் அரசாங்கத்துக்கு இருந்த இந்த நம்பிக்கை எனக்குப் பிடித்திருந்தது. போட்டேன். கை தன்பாட்டுக்குக் கீழே நேரத்தையும் போட்டது. பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு, மயிலாப்பூரில் நாலு இட்லியும் ஒரு வடையும் சாப்பிட்டேன். அந்த ஆள் அடையாறு ஆற்றோரத்தில் என் கண்ணெதிரே நகையைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் மனிதன். பூங்காவில் நடைப்பயிற்சிக்கு வரும் கூட்டம் கேட்கும்போது என்ன சொல்வது? முதல்நாள் “எடுத்துக் கொடுத்தான்” என்று மட்டும் சொன்னேன். இரண்டாம் நாள் கையால் மணலைத் தோண்டினான். நாலாம் நாள் மூட்டையை அவிழ்க்கும்போது அவன் கை நடுங்கியது. பத்தாம் நாள் தோண்டிய குழியிலிருந்து ஒரு நண்டு ஓடியது. நண்டு வந்த பிறகு எனக்கே சந்தேகம் போய்விட்டது. நண்டைப் பார்த்தவன் மற்றதைப் பார்க்காமலா இருந்திருப்பான்?

ஒரே ஒருத்திதான் நம்பவில்லை. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மா. பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். குடிசைகளை அகற்றி அங்கே குடியேற்றுவதற்கு முன்பு அவள் குடும்பம் அதே ஆற்றோரத்தில்தான் இருந்தது.

“இன்னா சார், மணலா? நாங்க அங்கதான குந்திக்கினு இருந்தோம். முட்டி வரைக்கும் சேறு. எங்கள தூக்கினு போய் அங்க போட்டப்புறம் மணல கொணாந்து கொட்டினாங்களா?”

“ஓரத்துல கொஞ்சம் மணல் இருந்துச்சு” என்றேன் நான், நேரில் பார்த்தவனின் பொறுமையோடு.

அந்த மாதமே எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் வீட்டு வேலை செய்பவர்கள் எல்லோரும் ஆதார் நகலும் போட்டோவும் கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். கையெழுத்துப் போட்டது செயலாளராகிய நான், மாலை 6.40. அந்த அம்மா நகலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, “எங்க கார்டெல்லாம் வாங்கிக்கினீங்க. உங்க கார்ட யாரு வாங்குவா?” என்று கேட்டாள். நகைச்சுவையாகச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன்.

விசாரணை செஷன்ஸ் கோர்ட்டில் நடந்தது. இஸ்திரிக்காரர் எனக்கு முன்னால் கூண்டில் ஏறினார். “கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டேன். என்ன எங்கயும் கூட்டினு போவல. நான் ஒண்ணும் பாக்கல” என்றார். அரசு வக்கீல் அவரைப் பிறழ்சாட்சி என்று அறிவிக்கச் சொன்னார். அதாவது போலீஸிடம் சொன்னதிலிருந்து பிறழ்ந்துவிட்டவர். வெளியே வந்ததும் நான் அவரைக் கண்டித்தேன். “ஏம்ப்பா, இப்படி மாத்திப் பேசலாமா?” அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஆச்சரியம்தான் இருந்தது. “நான் எங்க சார் மாத்தினேன்?” என்றார்.

பிறகு நான் ஏறினேன். மணல், மூட்டை, நடுக்கம், நண்டு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நண்டு எந்தத் திசையில் ஓடியது என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். கடலைப் பார்த்து என்றேன். அவருக்கு மேற்கொண்டு கேட்கத் தோன்றவில்லை.

டீச்சரும் அன்றுதான் சாட்சி சொன்னார். அலறல் கேட்டதா என்று அரசு வக்கீல் கேட்டார். கேட்கவில்லை என்றார். குற்றம் சாட்டப்பட்டவரின் கையில் உலக்கையைப் பார்த்தீர்களா? இல்லை. சட்டையில் ரத்தம்? ஈரம் இருந்தது, ரத்தம் என்று சொல்ல முடியாது. அரசு வக்கீல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அக்காவைப் பறிகொடுத்தவர், கொஞ்சம் சேர்த்துச் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? ஈரத் தலை, பால் பை, அந்த ஆள் சொன்ன பொய், போன திசை. நாலே நாலு விஷயம். பின்வரிசையிலிருந்து பார்த்தபோது, சாட்சி சொல்லத் தெரியாத அப்பாவி என்று நான் டீச்சருக்காகப் பரிதாபப்பட்டேன்.

இரண்டு ஆயுள் தண்டனை. எனக்கு டீச்சர் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் கல்கல் பலகாரம் ஒரு டப்பா செய்து கொடுத்தனுப்பினார். நான் அதைச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சில வருடம் போயிற்று. மேல்முறையீடு ஹைகோர்ட்டில் விசாரணைக்கு வரப்போகிறது என்று டீச்சர் சொன்ன வாரத்தில், அந்தச் சப் இன்ஸ்பெக்டர் போன் செய்தார். இப்போது இன்ஸ்பெக்டர்.

“சார், உங்க கையெழுத்துக்குக் கீழ சின்னதா என்னமோ இருக்காமே. புதுசா ஒரு வக்கீலம்மா புடிச்சிருக்காங்க. அது என்ன சார்?”

“நேரம்” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே விஷயம் புரிந்துவிட்டது.

“நேரமா? தேதியா இருக்காதா சார்? ஒன்பதாந்தேதி, பத்தாம் மாசம், அப்டி ஏதாவது?”

“நடந்தது தை மாசம்.”

“அது தெரியும் சார். ஏதாவது சொல்லித்தான ஆகணும்.”

“பக்கத்துல முற்பகல்னும் எழுதியிருக்கேன்.”

அவர் ஏதோ தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “மகஜர்ல பதினொண்ணே கால்னு எழுதியிருக்கோம் சார்” என்றார். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு நடக்கப்போவதை முன்கூட்டியே பார்த்துக் கையெழுத்துப் போட்ட சாட்சி நான். சாட்சியாக இல்லாமல் ஜோசியராகப் போயிருந்தால் கொஞ்சம் மரியாதையாவது கிடைத்திருக்கும்.

விளைவு என்ன என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. நகை கிடைத்த விதம் பொய் என்றால் வழக்கின் பெரிய தூண் ஒன்று போய்விடும். வழக்கு விழுந்தால் ஆள் வெளியே வருவார். எதிர்வீட்டு மாடியில் டீச்சர் தனியாக இருக்கிறார். எந்தச் சாவி எந்த ஆணியில் தொங்கும், பின்வாசல் தாழ்ப்பாளை வெளியிலிருந்து எப்படி நெம்பினால் திறக்கும் என்பதெல்லாம் ஒன்பது வருடம் அங்கே இருந்தவருக்குத் தெரியும்.

டீச்சரிடம் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று முறை தெருவைத் தாண்டினேன். முதல்முறை அவர் பேப்பரில் எண் புதிர் போட்டுக்கொண்டிருந்தார். “இந்தக் கட்டத்துல என்ன வரும் சொல்லுங்க” என்றார். ஏழு என்றேன். ஏற்கெனவே அந்த வரிசையில் ஏழு இருந்தது. அந்த அவமானத்தோடு திரும்பிவிட்டேன். இரண்டாம் முறை அவர் வீட்டில் இல்லை. அதற்கு நான் பட்ட சந்தோஷத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. மூன்றாம் முறை அவரே முந்திக்கொண்டார்.

“வர்ற வியாழக்கிழமை கேஸ் வருது சார். தனியா போய் உக்கார ஒரு மாதிரியா இருக்கு. நீங்கதான் முக்கியமான சாட்சி. கூட வர முடியுமா?”

“வரேன் டீச்சர்” என்று ஒரு குரல் சொன்னது. நண்டு பார்த்தவனுடைய குரல்.

வியாழக்கிழமை கடற்கரைச் சாலை வழியாக ஆட்டோவில் போனோம். வராந்தாவில் டீச்சர் டிபன் டப்பாவைத் திறந்து பாதித் தக்காளி சாதத்தை மூடியில் வைத்து எனக்குக் கொடுத்தார். நேரமாகும், சாப்பிட்டுவிடுங்கள் என்றார். ஒவ்வொரு வாயும் தொண்டையில் நின்று விசாரித்துவிட்டுத்தான் இறங்கியது.

இரண்டு நீதிபதிகள். எதிர்த்தரப்பு வக்கீல் சின்னப் பெண். குரலை உயர்த்தவே இல்லை. மகஜரின் மூலப்பிரதியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தார்கள். பெரிய நீதிபதி மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு என் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார். என் கையெழுத்தை இத்தனை மரியாதையோடு யாரும் பார்த்ததில்லை.

“இது நேரமா?” என்று அரசு வக்கீலைக் கேட்டார்.

அரசு வக்கீல், அது எழுத்துப்பிழையாக இருக்கலாம் என்றார்.

“முற்பகல் என்றும் எழுதியிருக்கிறாரே. யார் இந்தச் சாட்சி?”

“ஓய்வு பெற்ற வங்கி மேலாளர்.”

“அப்படியானால் நேரம் சரியாகத்தான் இருக்கும்” என்றார் நீதிபதி. கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள். பழக்கதோஷத்தில் நானும் சிரித்துவிட்டேன். பக்கத்தில் டீச்சர் சிரிக்கவில்லை.

பிறகு வக்கீலம்மா என் சாட்சியத்தை வரி வரியாக வாசித்தார். மணல். மூட்டை. நடுக்கம். நண்டுக்கு வந்ததும் சற்று நிறுத்தி, அது கடலைப் பார்த்து ஓடியதையும் சேர்த்து வாசித்தார். ஒன்பது பத்துக்கே கையெழுத்துப் போட்டுவிட்டவர் பதினொன்றே காலுக்கு எந்த நண்டைப் பார்த்தார் என்று கேட்டார். டீச்சர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். விடைத்தாளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். முழுவதும் படித்துவிட்டு மறுபடி முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கலைந்து வெளியே வந்ததும் டீச்சர் தண்ணீர் குடிக்கப் போனார். வக்கீலம்மா என்னைக் கடந்து போனவர் நின்றார்.

“சார் நீங்கதானே அது? தப்பா எடுத்துக்காதீங்க. ஜெராக்ஸ்ல பாத்தா கையெழுத்தோட சுழி மாதிரிதான் இருக்கு. யாரும் கவனிக்கல.”

“நீங்க எப்படிம்மா கவனிச்சீங்க?”

“எங்க அப்பாவும் பேங்க். எனக்கு பர்த்டே கார்டுல கையெழுத்துப் போட்டாக்கூட கீழ டைம் போடுவார்.”

திரும்பவும் ஆட்டோவில்தான் வந்தோம். கண்ணகி சிலை தாண்டியதும் டீச்சர் கேட்டார்.

“அப்போ நண்டு?”

“நண்டு இருக்கும் டீச்சர். அந்த ஆத்துல எப்பவும் இருக்கும். நான்தான் இல்ல.”

அவர் கடல் பக்கம் பார்த்துக்கொண்டார். வீட்டு வாசலில் இறங்கும்போது ஆட்டோவுக்கு முழுப் பணத்தையும் அவரே கொடுத்தார். நான் நீட்டியதை வாங்கவில்லை.

மறுநாள் காலை பூட்டுக்காரர் ஒருவர் எதிர்வீட்டுக்கு வந்தார். முன்வாசல், பின்வாசல், மாடிப்படி, கொல்லைப்புற அறை என்று நாலு பூட்டையும் மாற்றினார். நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். இதை நிஜமாகவே பார்த்தேன். டீச்சர் பின்வாசலில் புதிதாக ஓர் இரும்புத் தாழ்ப்பாளும் சங்கிலியும் வைக்கச் சொன்னார். வைத்த பிறகு தானே வெளியே நின்று கையை உள்ளே விட்டு, நெம்ப முடிகிறதா என்று முயன்று பார்த்தார். அறுபது தாண்டியவர், கேட்டில் கையை நுழைத்துத் தன் வீட்டுக்குள் தானே திருட்டுத்தனமாகப் புக முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டக அறைப் பதிவேட்டிலிருந்து நான் கூட்டி வந்த அந்த நேரம் எங்கே போய் நின்றிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

தீர்ப்பை ஒத்திவைத்திருந்தார்கள். காத்திருந்த வாரங்களில் டீச்சர் பூசைக்குக்கூட விடிந்து வெளிச்சம் வந்த பிறகுதான் போனார். ஆறு மணிப் பூசை எட்டு மணிப் பூசையாயிற்று. நான் சும்மா இருக்க முடியாமல் நீதிபதிகளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான் பொய் சொன்னாலும் ஆள் குற்றவாளிதான், என்னை நம்பாவிட்டாலும் டீச்சரை நம்ப வேண்டும், நண்டுக்கு மன்னிப்பு என்று ஏழு பக்கம். மனைவி முழுதும் படித்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. கடைசிப் பக்கத்தைப் பாருங்க” என்றாள்.

பார்த்தேன். கையெழுத்துக்குக் கீழே 4.35 பி.ப. அவள் கடிதத்தை வாங்கிப் பழைய பேப்பர் கட்டில் செருகிவிட்டாள்.

தீர்ப்பு நாள் எனக்குத் தெரியாது. டீச்சர் சொல்லவில்லை. பாத்திரம் தேய்க்கும் அம்மாதான் உள்ளே வரும்போதே சொன்னாள்.

“டீச்சரம்மா தனியா ஆட்டோ புட்ச்சுக்கினு கோர்ட்டுக்குப் போவுது. நீ இன்னா சார், குந்திக்கினு பேப்பர் பட்ச்சிக்கினு கீற?”

“என்னைக் கூப்பிடலையே.”

“உன்ன எதுக்குக் கூப்டும்? நண்டு புடிக்கவா?”

தெருமுனை இஸ்திரி வண்டி மூலமாக நண்டு ஏற்கெனவே பெரும்பாக்கம் போய்ச் சேர்ந்திருந்தது.

மத்தியானம் வரை பால்கனியிலேயே நின்றேன். இரண்டரை மணிக்கு டீச்சரின் ஆட்டோ வந்தது. இறங்கி, நாலு சாவி கோத்த வளையத்தை எடுத்து, வரிசையாகத் திறந்துகொண்டு உள்ளே போனார். முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தேன். “தப்பிச்சோம் சார், அப்பீல் தள்ளுபடி. ரெண்டு ஆயுளும் அப்படியே நிக்குது” என்றார். தப்பிச்சோம் என்பதில் நானும் இருந்தேன்.

இரண்டு நாள் கழித்துத் தீர்ப்பு இணையத்தில் ஏறியது. கைப்பேசியில் விரலால் தள்ளித் தள்ளிப் படித்தேன். எனக்கென்று ஒரு பத்தி ஒதுக்கியிருந்தார்கள். பதினொன்றாவது சாட்சி சம்பவ இடத்துக்குப் போகவே இல்லை, நகை மீட்பு நிரூபிக்கப்படவில்லை, அவருடைய சாட்சியம் முழுவதும் ஒதுக்கப்படுகிறது. வயதைக் கருதி அவர்மேல் நடவடிக்கைக்கு உத்தரவிடவில்லை. எனக்கு அப்போது அறுபத்தெட்டு. சிறைக்குப் போகாததைவிட அந்தக் காரணம்தான் என்னை அதிகம் சுட்டது. அடுத்த பத்தி இஸ்திரிக்காரருக்கு. பிறழ்சாட்சி என்று அறிவிக்கப்பட்ட இவர் மட்டுமே மீட்பு பற்றி உண்மையைச் சொன்னதாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நாலு பக்கம் டீச்சருக்கு. கேட்காததைக் கேட்டதாகச் சொல்லவில்லை, பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லவில்லை, அதனாலேயே பார்த்ததாகச் சொன்னதை நம்பலாம் என்று இருந்தது. ஈரத் தலை, பால் பை, அந்தப் பொய். கூடவே அலமாரியில் இருந்த கைரேகையும், பிடிபட்டபோது அந்த ஆளின் உள்ளங்கையில் இருந்த காயமும். வழக்கு இவற்றில் நின்றது. நான் தூண் என்று நினைத்திருந்தது தூணுமில்லை, பந்தலுமில்லை. நான் அந்த வழக்கில் கிட்டத்தட்ட அவரை வெளியே விட்ட ஆள், அவ்வளவுதான்.

இஸ்திரிக்காரரிடம் போய்த் தீர்ப்பில் அவரைப் பற்றி எழுதியிருப்பதை வாசித்துக் காட்டினேன். பெட்டியில் கரியை ஊதிக்கொண்டே கேட்டார். “அதத்தான் நான் அன்னிக்கே சொன்னேனே சார்” என்றார். கோபம்கூட இல்லை. என் இரண்டு சட்டைகளை மடித்துக் கொடுத்தார்.

அதே கையோடு எதிர்வீட்டுக்குப் போனேன். டீச்சர் சங்கிலியை எடுக்காமல் கதவைச் சற்றுத் திறந்து, நான்தான் என்று பார்த்துவிட்டு முழுதாகத் திறந்தார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

“டீச்சர், தீர்ப்பைப் படிச்சேன். நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன்.”

“ஆமா.”

“அந்தக் கூட்டத்துல நீங்க ஒருத்தர்தான் பார்த்ததை மட்டும் சொன்னீங்க.”

“இஸ்திரிக்காரரும் சொன்னார்.”

அதுவும் சரிதான். கையிலிருந்த சட்டைகளை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன். 

“அவன் டில்லிக்கு அப்பீல் போனாலும் போவான். அப்போ எந்த உதவின்னாலும் தயங்காம சொல்லுங்க டீச்சர். கண்டிப்பா நான் செய்யறேன்.”

டீச்சர் என்னை நிதானமாகப் பார்த்தார்.

“நீங்க சும்மா இருங்க, போதும்.”